எஞ்சினும் ஷாப்டும் ஒரே கோட்டில் நிற்க: விசைப்படகு அலைன்மென்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் 15-ஆம் தேதி கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறும். பெயின்ட், கலப்பத்து (பலகை இடுக்கை அடைப்பது), பலகை மாற்றுவது, எஞ்சின் பிரிப்பது என்று 61 நாளும் கரை முழுக்கச் சுத்தியல் சத்தம்தான். ஜூன் 14 நெருங்க நெருங்க எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும். அந்த அவசரத்தில் முதலில் அடிபடுகிற வேலை அலைன்மென்ட். வெளியே தெரியாத வேலை அது. பெயின்ட் அடிக்காத படகை ஊரே பார்த்துச் சிரிக்கும். அலைன்மென்ட் பார்க்காத படகு முதல் வாரம் ஒழுங்காகத்தான் ஓடும். பிறகுதான் போன் வரும்.

படகு எஞ்சின் வேலையில் இருக்கும் எனக்கு அப்படி வந்த போன்களில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. படகுக்குள்ளேயே எஞ்சின், கியர் பாக்ஸ், ஷாப்ட் (புரொப்பல்லரைச் சுழற்றும் நீளத் தண்டு), புரொப்பல்லர் உள்ள விசைப்படகை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பின்பலகையில் மாட்டுகிற எஞ்சினுக்கு இது பொருந்தாது.

அலைன்மென்ட் என்றால் என்ன? கார் சக்கரத்துக்குப் பார்ப்பது மாதிரியா?

பெயர் மட்டும்தான் ஒன்று. படகில் கியர் பாக்ஸின் பின்னால் ஒரு வட்டமான கப்ளிங் இருக்கும். ஷாப்டின் முன்முனையில் இன்னொன்று. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து போல்ட் போடுகிறோம். போல்ட் போடுவதற்கு முன்பே அந்த இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

தவறு இரண்டு விதமாக வரும். இரண்டு வட்டத்தின் மையமும் விலகி, ஒன்று மேலே ஒன்று கீழே, அல்லது ஒன்று இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் நிற்கலாம். இது விலகல். மையம் சரியாக இருந்தும் ஒரு முகம் சாய்ந்து, மேலே விரிந்து கீழே ஒட்டி நிற்கலாம். இது சாய்வு. நடைமுறையில் இரண்டும் சேர்ந்தேதான் வரும். ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றது கெடும். அதனால்தான் இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும் என்கிறார்கள்.

கொஞ்சம் விலகி இருந்தால் என்ன ஆகிவிடும்? இரும்புதானே, வளைந்து கொடுக்காதா?

வளைந்து கொடுக்கும். கெடுதலே அதில்தான் இருக்கிறது.

எஞ்சின் 1800 ஆர்பிஎம் ஓடுகிறது, கியர் பாக்ஸ் மூன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாப்ட் நிமிடத்துக்கு 600 சுற்று. பத்து மணி நேரம் மடி (இழுவலை) இழுத்தால் 3 லட்சத்து 60 ஆயிரம் சுற்று. கப்ளிங் கோணலாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஷாப்ட் ஒரு முறை வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஷாப்டுக்கும் அதே கதிதான், கொஞ்சம் நாள் பிடிக்கும்.

இப்படி உடைந்த ஷாப்டின் முறிவைப் பார்த்திருக்கிறீர்களா? சாவி (கப்ளிங் ஷாப்டில் சுழலாமல் பிடிக்கும் இரும்புத் துண்டு) போடும் பள்ளத்தின் நுனியில், கப்ளிங்கை ஒட்டி உடைந்திருக்கும். முறிந்த முகத்தில் மட்டி ஓட்டில் இருப்பது போல வரிவரியாகக் கோடுகள். முக்கால் பாகம் வழுவழுப்பாக, சில இடம் துருவேறிக் கறுத்துக்கூட இருக்கும். ஒரு ஓரத்தில் மட்டும் புதுசாய், சொரசொரப்பாய், பளபளவென்று ஒரு திட்டு. அந்தத் திட்டுதான் அன்றைக்கு உடைந்தது. மீதியெல்லாம் பல நாளாக உடைந்துகொண்டே வந்தது. "பாறையில தட்டிருச்சு அண்ணே" என்று டிரைவர் சொல்லும்போது நான் இந்த முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஷாப்டுக்கு முன்பே மற்றவை அடிபடும். புரொப்பல்லர் தண்ணீரைத் தள்ளும்போது எழும் எதிர் உந்தல் முழுவதும் ஷாப்ட் வழியாகக் கப்ளிங்குக்கும், அங்கிருந்து கியர் பாக்ஸுக்கும் வந்து சேர்கிறது. கியர் பாக்ஸின் பேரிங் அந்த உந்தலைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. பக்கவாட்டில் ஆட்டினால் அதுவும் தாங்காது, ஆயில் சீலும் தாங்காது.

கெட்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படகே சொல்லும். கிளாண்டை (ஷாப்ட் வெளியே போகும் இடத்தில் கடல்தண்ணீரை அடைக்கும் பாகம்) எத்தனை முறை இறுக்கினாலும் ஒழுக்கு நிற்காது. கப்ளிங் போல்ட் அடிக்கடி தளரும், அல்லது தலை தெறிக்கும். கியர் பாக்ஸின் பின் சீலில் ஆயில் கசியும், புது சீல் போட்ட மாதமே மறுபடியும் கசியும். பின்னால் ஷாப்டைத் தாங்கி நிற்கும் ரப்பர் புஷ் சீராகத் தேயாமல் ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரித் தேய்ந்திருக்கும். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம், கப்ளிங்கைக் கழற்றிப் பாருங்கள்.

படகு அதிர்கிறது. அப்படியானால் அலைன்மென்ட்தானே?

அவசரப்படாதீர்கள். அதிர்வுக்குப் பல காரணம் உண்டு. முதலில் நியூட்ரலில் வைத்து எஞ்சினை முடுக்கிப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் குற்றம் எஞ்சின் பக்கம்: இன்ஜெக்டர் சரியாக அடிக்காமல் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் இருக்கலாம், எஞ்சின் காலின் கீழுள்ள மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கலாம், எஞ்சின் உட்காரும் பெட்டின் போல்ட் தளர்ந்திருக்கலாம். கியர் போட்ட பிறகு மட்டும் அதிர்ந்தால் ஷாப்ட் பக்கம் தேட வேண்டும்.

அங்கேயும் கப்ளிங்குக்குப் போவதற்கு முன் ஒருவரைத் தண்ணீரில் இறக்குங்கள். கிழிந்த வலைத்துண்டும் நைலான் கயிறும் ஷாப்டில் சுற்றியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புரொப்பல்லரின் ஒரு இதழ் நுனி மடங்கியிருந்தாலும் படகு குலுங்கும். நேற்றுவரை அமைதியாக ஓடிய படகு இன்றைக்குத் திடீரென்று அதிர்கிறது என்றால் பெரும்பாலும் கயிறு, இல்லை இதழ். அலைன்மென்ட் கெடுவது மெதுவாகத்தான் தெரியவரும்.

படகு கரையில் இருக்கும்போதே அலைன்மென்ட் பார்த்து முடித்துவிடலாமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. பதில்: பார்க்கலாம், முடிக்க முடியாது.

கரையில் நிற்கும் படகு ஏரா என்ற அடிமரத்தின் கீழே வைத்த கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கட்டை இருக்கும் இடத்தில் தாங்கல், இல்லாத இடத்தில் தொங்கல். தண்ணீரில் இறங்கினால் அடிப்பாகம் முழுவதையும் கடல் தாங்குகிறது. தாங்கும் விதம் மாறினால் படகின் உடம்பும் கொஞ்சம் மாறும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைப் பற்றி.

மரப்படகு என்றால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டு மாதம் காய்ந்த பலகை சுருங்கியிருக்கும். கடலில் இறங்கி ஊறினால் உப்பும். இரண்டு நாளாவது போனால்தான் ஒரு நிலைக்கு வரும். ஃபைபரும் இரும்பும் ஊறாது, ஆனால் அவையும் வளையும்.

தொழில் பழகிய நாளில் ஒரு மரப்படகுக்குக் கரையிலேயே அலைன்மென்ட் பார்த்தேன். நாலு பக்கமும் ஒரே அளவு. எனக்கே பெருமை. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் தலையாட்டினார். படகு இறங்கிய மூன்றாம் நாள் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், "கழற்றிப் பாரு" என்றார். கழற்றினால் கீழ்ப்பக்கம் 0.60 மில்லிமீட்டர் விரிந்து நிற்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்பானரை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அதனால் கரையில் செய்ய வேண்டியது: ஷாப்ட், புஷ், கப்ளிங் முகம் எல்லாவற்றையும் சரிசெய்து, எஞ்சினைத் தோராயமாகக் கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது. கடைசி அளவு தண்ணீரில். இறக்கி இரண்டு நாள் கழித்து, டீசல் டேங்க் பாதி நிரம்பிய நிலையில். ஐஸ் அறையில் டன் கணக்கில் ஐஸ் ஏறினாலும் படகு அமர்வது மாறும். அதனால் காலிப் படகிலும் பார்க்காதீர்கள், முழுப் பாரத்திலும் பார்க்காதீர்கள். வழக்கமாகக் கடலில் ஓடும் பாரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜூன் 14 சாயங்காலம் படகை இறக்கிவிட்டு அன்று நள்ளிரவே தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பதில் பிடிக்காது. இரண்டு நாள் முன்னதாக இறக்குங்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என்னென்ன கருவி வேண்டும்?

ஒரு நல்ல பில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு), நேரான இரும்பு ஸ்கேல், டார்ச், கண்ணாடித் துண்டு (கப்ளிங்கின் அடிப்பக்கம் பார்க்க), மவுண்டிங் நட்டுக்கு இரண்டு ஸ்பானர், கடப்பாரை அல்லது சின்ன ஜாக்கி, ஒரு சாக்பீஸ். அளவை எழுதிக்கொள்ள நோட்டு. மனதில் வைத்துக்கொள்கிறேன் என்பவர்கள் மூன்றாவது முறை அளக்கும்போது முதல் அளவை மறந்திருப்பார்கள்.

மீன் எடை போடும் தொங்கு தராசு ஒன்றும் வேண்டும். எதற்கென்று கீழே சொல்கிறேன்.

கப்ளிங்கைக் கழற்றும் முன் கவனிக்க வேண்டியது ஏதாவது?

பேட்டரி ஸ்விட்சை அணைத்துவிடுங்கள், கப்ளிங்கில் கை இருக்கும்போது யாரும் சாவி திருப்பக் கூடாது. அடுத்தது, படகு தண்ணீரில் இருக்கும்போது கப்ளிங்கைப் பிரித்தால் ஷாப்ட் பின்னால் நழுவலாம். புரொப்பல்லர் சுக்கானில் போய் முட்டி நிற்கும் என்று நம்பி விடாதீர்கள். கிளாண்டுக்கு முன்னால் ஷாப்டில் ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டுப் பிரியுங்கள்.

ஷாப்டைப் பற்றி முதலில் என்ன பார்க்க வேண்டும்?

இந்த வேலையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: ஷாப்டுக்கு எஞ்சினைக் கொண்டு போ, எஞ்சினுக்கு ஷாப்டை இழுக்காதே. ஷாப்டின் இடத்தை ஸ்டெர்ன் டியூபும் (ஷாப்ட் படகை விட்டு வெளியே போகும் குழாய்) புஷ்ஷும் முடிவு செய்துவிட்டன, அதை மாற்ற முடியாது. மாறக் கூடியது எஞ்சின் மட்டும்தான். ஆகவே ஷாப்ட் தன் இடத்தில் இயல்பாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எஞ்சினைத் தொட வேண்டும்.

கரையில் இருக்கும்போதே புரொப்பல்லர் பக்கம் போய் ஷாப்டைக் கையால் தூக்கி ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று சத்தத்தோடு ஆடினால் புஷ் முடிந்துவிட்டது. தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்ப்பது கால் ஆடும் மேசையில் தராசு வைப்பது மாதிரி. ஷாப்ட் வளைந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் லேத்துப் பட்டறையில் மாட்டி டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். கப்ளிங்கை ஷாப்டில் ஏற்றி, அப்படியே லேத்தில் வைத்து முகத்தை ஒரு சீவல் சீவி வாங்குவது இன்னும் நல்லது. தனியாகச் சீவிய கப்ளிங்கை ஷாப்டில் ஏற்றும்போது கோணலாக உட்கார வாய்ப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை: ரப்பர் புஷ்ஷுக்குக் கடல்தண்ணீர்தான் எண்ணெய். கரையில் வைத்துக்கொண்டு "சும்மா ஒரு நிமிஷம்" என்று கியர் போட்டு ஓட்டினால் ரப்பர் கருகிவிடும்.

தொங்கு தராசு எதற்கு?

கப்ளிங்கைப் பிரித்ததும் ஷாப்டின் முன்முனை தன் பாரத்தாலும் கப்ளிங்கின் பாரத்தாலும் கீழே தொங்கும். அந்தத் தொங்கலையே சரியான இடம் என்று நினைத்து எஞ்சினை இறக்கினால் எல்லாம் கெட்டது. பலரும் செய்யும் தவறு இதுதான்.

50 மில்லிமீட்டர் ஷாப்ட் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோ இருக்கும். கடைசித் தாங்கலுக்கு முன்னால் ஒன்றரை மீட்டர் ஷாப்ட் அந்தரத்தில் நிற்கிறது என்றால் 23 கிலோ. அதில் பாதி பதினொன்றரை. கப்ளிங் 6 கிலோ என்றால் அதை முழுதாகக் கூட்டுங்கள். மொத்தம் பதினேழரை. கப்ளிங்குக்குப் பின்னால் ஷாப்டில் கயிறு போட்டு, மேல் விட்டத்தில் தராசைக் கட்டி, முள் பதினேழரையைக் காட்டும்வரை தூக்குங்கள். இப்போது நிற்கும் உயரம்தான் ஷாப்டின் உண்மையான இடம். அங்கேயே மரக்கட்டையில் 'வி' வடிவம் வெட்டி முட்டுக் கொடுத்துவிடலாம்.

ஷாப்ட் குட்டையாக, தாங்கலிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால் தராசு தேவையில்லை. மேலே எவ்வளவு போகிறது, கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து நடுவில் நிறுத்தினால் போதும். பக்கவாட்டுக்கும் அதே முறை.

அளவு எடுப்பது எப்படி?

இரண்டு முகத்தையும் துணியால் துடையுங்கள். துரு, பெயின்ட், பிசிறு எதுவும் இருக்கக் கூடாது. பல கப்ளிங்குகளில் ஒன்றின் நடுவில் மேடும் மற்றதில் அதற்கேற்ற பள்ளமும் இருக்கும். ஷாப்டைக் கையால் முன்னே தள்ளும்போது மேடு பள்ளத்துக்குள் தட்டாமல், திணிக்காமல் போய் உட்கார்ந்தால் மையம் சரி. மேடு பள்ளம் இல்லாத கப்ளிங் என்றால் விளிம்பின் மேல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். மேலும் கீழும், இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பிலும் ஸ்கேல் படிய வேண்டும்.

மையம் வந்த பிறகு சாய்வு. இரண்டு முகத்தையும் ஏதாவது ஓர் இடத்தில் மெல்லிய தகடு மட்டும் நுழையும் அளவுக்கு நெருக்கமாக வையுங்கள். கடிகாரம் மாதிரி 12, 3, 6, 9 என்று நாலு இடத்தில் பில்லர் கேஜ் விட்டு எழுதுங்கள். தகட்டைத் திணிக்கக் கூடாது, லேசான பிடிப்போடு வர வேண்டும்.

எழுதியாயிற்றா? இப்போது எஞ்சின் கப்ளிங்கை அசைக்காமல், ஷாப்ட் கப்ளிங்கை மட்டும் கால் சுற்று திருப்பி மறுபடி நாலு அளவும் எடுங்கள். அதிக இடைவெளி முன்பு இருந்த இடத்திலேயே, உதாரணமாக 12 மணியிலேயே இருந்தால் குற்றம் எஞ்சின் நிற்கும் இடத்தில். இடைவெளியும் கப்ளிங்கோடு சேர்ந்து 3 மணிக்கு நகர்ந்துவிட்டது என்றால் ஷாப்ட் வளைந்திருக்கிறது, அல்லது அந்தக் கப்ளிங்கின் முகம் கோணல். அப்போது எஞ்சினை எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் பயன் இல்லை. அடுத்து நியூட்ரலில் வைத்து எஞ்சின் கப்ளிங்கையும் இதேபோல் திருப்பிப் பாருங்கள்.

இந்தக் கால் சுற்று வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு படகில் மூன்று முறை போல்ட் தெறித்து, மூன்று பேர் வந்து அலைன்மென்ட் பார்த்துவிட்டுப் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கால் சுற்று திருப்பினேன், இடைவெளியும் கூடவே வந்தது. முகத்தை விரலால் தடவிப் பார்த்தால் விளிம்போரம் கடுகளவு ஏதோ இடறுகிறது. பக்கத்தில் தாங்கி வெல்டிங் வைத்தபோது தெறித்த பொறி, பெயின்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அரத்தால் நாலு இழுப்பு. அந்த வேலைக்கு என்ன கூலி கேட்பது என்றுதான் தெரியவில்லை.

எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம்?

நாலு அளவில் அதிகமானதிலிருந்து குறைவானதைக் கழித்தால் வருவதுதான் கணக்கு. கப்ளிங்கின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஓர் அங்குலம் என்பது பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. 4 அங்குலக் கப்ளிங்குக்கு 0.10 மில்லிமீட்டர், 6 அங்குலத்துக்கு 0.15. எஞ்சின், கியர் பாக்ஸ் கையேட்டில் இதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் கையேடு சொல்வதே கணக்கு.

எஞ்சினை எந்தப் பக்கம் நகர்த்துவது? எனக்கு எப்போதும் குழப்பம்.

எல்லோருக்கும் உள்ள குழப்பம்தான். ஒரே ஒரு வரியை நினைவில் வையுங்கள்: எந்தப் பக்கம் விரிந்திருக்கிறதோ, எஞ்சினின் முன்தலை அந்தப் பக்கம் போக வேண்டும். மேலே விரிந்திருந்தால் முன்தலையைத் தூக்குங்கள். கீழே விரிந்திருந்தால் இறக்குங்கள். இடப்பக்கம் விரிந்திருந்தால் முன்தலையை இடப்பக்கம் தள்ளுங்கள். முன்தலை என்பது அணியம் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், கியர் பாக்ஸ் இல்லாத முனை.

எவ்வளவு தூக்குவது? 150 மில்லிமீட்டர் கப்ளிங். 12 மணியில் 0.45, 6 மணியில் 0.15, பக்கவாட்டில் இரண்டும் 0.30. வித்தியாசம் 0.30, வரம்பைப் போல இரண்டு மடங்கு. முன் மவுண்டிங்குக்கும் பின் மவுண்டிங்குக்கும் இடையில் 900 மில்லிமீட்டர் என்றால், 900-ஐ 150-ஆல் வகுத்தால் 6. அந்த 6-ஐ 0.30-ஆல் பெருக்கினால் 1.8. முன்தலை 1.8 மில்லிமீட்டர் ஏற வேண்டும்.

இங்கேதான் விளையாட்டு. பின் மவுண்டிங்கை அச்சாக வைத்து முன்தலை ஏறும்போது, அதற்கும் பின்னால் இருக்கும் கப்ளிங் கீழே இறங்கும், சீசா பலகை மாதிரி. பின் மவுண்டிங்கிலிருந்து கப்ளிங் 300 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், 900-க்கு 1.8 ஏறியபோது 300-க்கு 0.6 இறங்கிவிட்டது. சாய்வு சரியாயிற்று, மையம் விலகிற்று. ஆகவே நாலு மவுண்டிங்கையும் 0.6 ஏற்ற வேண்டும். மொத்தக் கணக்கு: முன்னால் 2.4, பின்னால் 0.6. இதைத் தாளில் போட்டுக்கொண்டு தொடங்கினால் இரண்டு மூன்று சுற்றில் வேலை முடியும். போடாவிட்டால் ஒரு நாள் முழுக்க ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பீர்கள்.

மேல் கீழை முதலில் முடித்துவிட்டுப் பக்கவாட்டுக்குப் போங்கள் என்பது என் பழக்கம்.

ரப்பர் மவுண்டிங் இல்லை, பெட் மேல் நேராகவே போல்ட். அப்போது?

தகடு வைத்துத்தான் ஏற்ற வேண்டும். எஞ்சின் காலின் அகலத்துக்கு, போல்ட் போகும் ஓட்டையோடு முழுதாக வெட்டிய தகடு வையுங்கள். மூலையில் மட்டும் ஒரு துண்டைச் செருகினால் இறுக்கும்போது கால் வெடிக்கும். பத்து மெல்லிய தகட்டை அடுக்குவதைவிட ஒரு கெட்டித் தகடும் ஒன்றிரண்டு மெல்லியதும் நல்லது. நாலு காலும் தளர்வாக இருக்கும்போதே தகட்டில் படிந்திருக்க வேண்டும். ஒரு கால் அந்தரத்தில் நிற்க, அதை போல்ட் போட்டு இழுத்தால் எஞ்சினே முறுக்கிக்கொள்ளும். மரப் பெட் என்றால் போல்ட் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் இற்றிருந்தால் அலைன்மென்ட் ஒரு வாரம்கூட நிற்காது.

ரப்பர் மவுண்டிங்கில் நட்டைத் திருகி ஏற்றலாம், எளிது. ஆனால் நாலிலும் பாரம் சமமாக இருக்க வேண்டும். கப்ளிங் அளவு சரியாக வந்த பிறகும், ஒரு மவுண்டிங் நசுங்கி எதிர்மூலை துள்ளிக்கொண்டு நின்றால் வேலை முடியவில்லை. புது ரப்பர் சில நாள் ஓட்டத்தில் அமரும், அதனால் முதல் இரண்டு மூன்று தங்கல் (கடலில் தங்கி மீன்பிடிக்கும் பயணம்) முடிந்த பிறகு மறுபடி பாருங்கள்.

எந்த மவுண்டிங் ஆனாலும், லாக் நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறை நாலு அளவும் எடுங்கள். இறுக்கும்போது நகராத எஞ்சினை நான் பார்த்ததில்லை.

போல்ட்டை நன்றாக இறுக்கினால் இடைவெளி தானாக மூடிக்கொள்கிறதே?

மூடிக்கொள்ளும். ஷாப்டை வளைத்து மூடிக்கொள்ளும்.

ரப்பர் கப்ளிங் போட்டால் அலைன்மென்ட் பார்க்க வேண்டாம் என்கிறார்களே?

விற்பவர் சொல்லியிருப்பார். ரப்பர் கப்ளிங் அதிர்வைக் குறைக்கும், கியர் விழும்போது வரும் அடியைத் தாங்கும். ஓடும்போது எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் ஆடுவதால் வரும் சின்ன விலகலை விழுங்கும். நிரந்தரக் கோணலை அதன் தலையில் கட்டினால் ரப்பர் சூடேறிப் பிய்ந்துவிடும். அதைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு இரும்பு முகத்துக்கும் அலைன்மென்ட் பார்த்து முடித்து, பிறகு அதை இடையில் போடுங்கள். அதன் தடிமனுக்கு ஷாப்ட் பின்னால் தள்ளும் என்பதால், சுக்கானுக்கும் புரொப்பல்லருக்கும் இடையே இடம் போதுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய எஞ்சினை எடுத்துவிட்டுப் புது எஞ்சின் வைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

ஸ்டெர்ன் டியூபிலிருந்து. ஷாப்டை உருவிவிட்டு டியூபின் இரண்டு முனையிலும் நடுவில் ஓட்டை போட்ட மரக்குச்சி மாட்டி, மெல்லிய பியானோ கம்பியை அதன் வழியே இழுத்து எஞ்சின் அறையின் முன்சுவர்வரை கட்டுங்கள். நூல் வேண்டாம், தொய்யும். கம்பியும் நீளம் போனால் கொஞ்சம் தொய்யும், அதனால் நன்றாக முறுக்கிக் கட்ட வேண்டும். அந்தக் கம்பிதான் ஷாப்டின் கோடு. கியர் பாக்ஸ் கப்ளிங்கின் மையம் எங்கே வரும், எஞ்சின் கால் எங்கே உட்காரும் என்று கம்பியிலிருந்து அளந்து, பெட்டின் உயரத்தை முடிவு செய்யுங்கள். கால் உட்காரும் உயரத்துக்குப் பெட்டை ஒரு சென்டிமீட்டர் தாழ்வாகவே விடுங்கள். தகடு போட்டு ஏற்றிவிடலாம். உயரமாகிவிட்டால் பெட்டை வெட்ட வேண்டிவரும். எஞ்சின் எத்தனை டிகிரிவரை சாய்ந்து நிற்கலாம் என்று கையேட்டில் இருக்கும், அதையும் பாருங்கள். அளவுக்கு மீறிச் சாய்ந்தால் ஆயில் பம்ப் ஆயிலை இழுக்காது.

கிளாண்டில் தண்ணீர் சொட்டவே கூடாதுதானே?

கயிறு பேக்கிங் போட்ட கிளாண்ட் என்றால் ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். அந்தத் தண்ணீர்தான் பேக்கிங்கைக் குளிர வைக்கிறது. ஒரு சொட்டும் விழாமல் இறுக்கினால் ஷாப்டில் பள்ளம் விழும். ஓட்டம் முடிந்ததும் கிளாண்டைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு ஆகாது. சொட்டு அளவாக இருந்தும் சூடேறினால், அல்லது ஒரு பக்கம் மட்டும் பீய்ச்சினால், பேக்கிங்கைக் குறை சொல்லாமல் கப்ளிங்குக்குப் போங்கள்.

கப்ளிங் போல்ட் எது வேண்டுமானாலும் போடலாமா?

கூடாது. தலையில் 8.8 அல்லது அதற்கு மேல் வலிமை எண் பொறித்த போல்ட், ஓட்டைக்குப் பொருத்தமான அளவில். எதிரெதிராக இறுக்குங்கள். தளராத நட்டு போடுங்கள். ஒரு போல்ட் தெறித்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், மீதியும் அதே பாடுபட்டவைதான்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்ப்பது?

ஒவ்வொரு தடைக்காலத்திலும் படகு இறங்கியதும் ஒரு முறை. மவுண்டிங், புஷ், ஷாப்ட், கியர் பாக்ஸ் எதை மாற்றினாலும் ஒரு முறை. புரொப்பல்லரில் பெரிய கயிறு சுற்றி எஞ்சின் நின்றுபோயிருந்தால், தரை தட்டியிருந்தால், அப்போதும். பாக் நீரிணை மாதிரி ஆழமில்லாத கடலில் தொழில் செய்கிறவர்களுக்குத் தரை தட்டுவது புதிதல்ல, அவர்கள் தீபாவளியை ஒட்டி இன்னொரு முறை பார்த்தால் நல்லது.

அளவெடுத்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். போன வருடம் 12 மணியில் என்ன இருந்தது, எந்தக் காலில் எத்தனை தகடு என்று எழுதி, பிளாஸ்டிக் பையில் சுற்றி எஞ்சின் அறையிலேயே வைத்துவிட்டால், அடுத்த வருடம் வருகிறவர், அது நானாகவே இருந்தாலும், அரை நாள் முன்னதாக வீட்டுக்குப் போகலாம்.